எகிப்தியர்கள் உடலை ஏன் காப்பாற்றி வைத்தார்கள்?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். மம்மி என்றாலே பிள்ளைகள் "எப்படிச் செய்தார்கள்?" என்பார்கள். இந்த முறை ஒரு மாணவி "எதற்கு?" என்று கேட்டாள். மறுபிறவி நம்பிக்கை என்று சொல்லிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம் டீச்சர். எகிப்தியர் வேறு உடலில் பிறப்பதைப் பற்றிப் பேசவில்லை. இறந்தவரே மறு உலகில் தொடர்ந்து வாழவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். 'பா' என்னும் ஆன்மா, மனிதத் தலை கொண்ட பறவையாகப் பகலில் வெளியே போய் இரவில் உடலுக்குத் திரும்பும். உடல் அழுகிவிட்டால் அது எங்கே தங்கும்? அதற்காகத்தான் மம்மி செய்யும் அந்த 70 நாள் பாடு. மூளையை மூக்கு வழியாக எடுத்துத் தூக்கி எறிந்தவர்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். இறந்தவர் நேர்மையாக வாழ்ந்தாரா என்று பார்க்க, மறு உலகக் கடவுள் ஒசிரிஸின் முன் அதை நீதி தேவதை மாஅத்தின் இறகோடு நிறுக்க வேண்டுமே! சிலருக்கு மார்பின் மேல் வண்டு வடிவத் தாயத்து ஒன்றும் வைத்தார்கள். அதில் பொறித்திருக்கும் மந்திரம், "இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே" என்று கெஞ்சுகிறது. இதை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள். எனக்கு இதைவிட மனிதத்தன்மையான பிரார்த்தனை தெரியாது.

பதில் 2:
சிலியின் சின்சோரோ மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எகிப்துக்குச் சுமார் 2000 ஆண்டுகள் முன்பே மம்மி செய்த மீனவர்கள். அரசன் கிடையாது, பிரமிடு கிடையாது. கைக்குழந்தைகளுக்கும், பிறக்கும் முன்பே இறந்த சிசுக்களுக்கும்கூடக் களிமண் முகமூடி செய்து வைத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரி, எகிப்தில் ஏழைகளுக்கு என்ன வழி?

பதில் 1:
பெரும்பாலும் பாலைவன மணல்தான். அந்தச் சூடே உடலை உலர்த்திவிடும்.