எச்ஓஏ உள்ள வீட்டை வாங்கலாமா? கையெழுத்துக்கு முன்பும் பின்பும்

கேள்வி:

வணக்கம். டல்லாஸ் புறநகரில் முதல் வீடு தேடுகிறோம். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறோம். மூன்று வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று தனி வீடு, எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணம் ஆண்டுக்கு 900 டாலர். இரண்டாவது டவுன்ஹவுஸ் (பக்கச்சுவர் ஒட்டிய வரிசை வீடு), மாதம் 300 டாலர். மூன்றாவது எச்ஓஏ இல்லாத பழைய வீடு. ரியல்டர் (வீட்டுத் தரகர்), "எல்லா இடத்திலும் இருக்கிறதுதானே, கவலைப்படாதீங்க" என்கிறார். எதைப் பார்த்து முடிவெடுப்பது? வாசலில் கோலம், பின்னால் காய்கறித் தோட்டம், இதெல்லாம் நடக்குமா?

பதில்:

கோலம் கடைசியில். முதலில் காகிதம்.

எச்ஓஏ என்பது சந்தா கட்டிச் சேர்கிற சங்கம் இல்லை. பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறியதும் நீங்களும் உறுப்பினர். வீட்டை விற்றால்தான் வெளியேற முடியும். அந்தக் கட்டுப்பாட்டு ஆவணத்தை, அதாவது டெக்ளரேஷனை, மனையைப் பிரித்தபோதே கவுண்டி அலுவலகத்தில் பதிந்துவிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே பைலா (சங்கத்தை நடத்தும் முறை), அதற்கும் கீழே போர்டு, அதாவது நிர்வாகக் குழு, அவ்வப்போது போடும் விதிகள். மேலே இருப்பதற்கு முரணாகக் கீழே விதி போட முடியாது. இந்த வரிசை தெரிந்தால் பின்னால் பாதிச் சண்டை மிச்சம்.

பணக் கணக்கு இப்படி. வங்கி உங்கள் கடன் தகுதியைப் பார்க்கும்போது எச்ஓஏ கட்டணத்தையும் மாதச் சுமையில் சேர்க்கும். 6.5 சதவீத வட்டி, 30 ஆண்டுக் கடன் என்று வைத்தால், மாதம் 300 டாலர் என்பது சுமார் 47,000 டாலர் கடனுக்கான தவணை. டவுன்ஹவுஸ் விலை குறைவாகத் தெரிந்தால் இந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆனால் அந்த 300 டாலரில் கூரை, வெளிச்சுவர், புல்வெட்டு, கட்டடக் காப்பீடு எல்லாம் அடங்கியிருந்தால் அது செலவல்ல, வேறு பையிலிருந்து போகும் அதே பணம். எது அடக்கம், எது இல்லை என்று டெக்ளரேஷனில் 'பராமரிப்புப் பொறுப்பு' பகுதியைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். ரியல்டர் வாய்வார்த்தை போதாது.

சொத்து வரியையும் காப்பீட்டையும் பெரும்பாலும் எஸ்க்ரோ வழியாக, அதாவது மாதத் தவணையோடு வசூலித்து வைக்கும் கணக்கிலிருந்து, வங்கியே கட்டிவிடும். எச்ஓஏ கட்டணத்தைப் பெரும்பாலும் நீங்கள்தான் தனியாகக் கட்ட வேண்டும். புதிதாக வீடு வாங்குபவர்கள் முதல் தாமதக் கட்டணம் வாங்குவது இங்கேதான். டெக்சாஸில் எம்யுடி (தண்ணீர், வடிகால் வசதிக்கான மாவட்டம்), பிஐடி (பொது வசதி மேம்பாட்டு மாவட்டம்) என்று வருபவை எச்ஓஏ இல்லை, அவை தனி வரிச்சுமை. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பதில்:

மேலே சொன்னதோடு ரீசேல் சர்ட்டிஃபிகேட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது வீட்டின் பாக்கி, விதிமீறல், சங்கத்தின் நிதிநிலை இவற்றைச் சொல்லி எச்ஓஏ தரும் சான்று. டெக்சாஸில் இதற்கான கட்டணத்துக்கு 375 டாலர் உச்சவரம்பு இருக்கிறது. ஒப்பந்தத்தோடு வரும் எச்ஓஏ இணைப்புப் படிவத்தில் முதல் பத்தியில் சில கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்று, 'வாங்குபவருக்கு இந்த ஆவணங்கள் தேவையில்லை' என்று சொல்லும். அவசரத்தில் அதை டிக் செய்து அனுப்பிவிடுவார்கள், நீங்களும் டோக்யுசைனில் (இணையக் கையெழுத்துச் சேவை) கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அதற்குப் பதிலாக, விற்பவர் இத்தனை நாளில் தர வேண்டும் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஆவணம் கைக்கு வந்து 3 நாட்களுக்குள், முன்பணத்தை இழக்காமல் விலகும் உரிமை இருக்கும்.

கையில் வந்ததும் எதைப் பார்ப்பது? முதலில் ரிசர்வ் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் பணம். கூரை, சாலை, நீச்சல் குளம், வேலி இவற்றை எப்போது மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கணிக்கும் ரிசர்வ் ஸ்டடி இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் தேவையான தொகையில் எத்தனை சதவீதம் கையிருப்பு என்று போட்டிருக்கும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே என்றால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வரும் வாய்ப்பு அதிகம், அதாவது ஒரே நாளில் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் என்று பில் வரும். மாதக் கட்டணம் குறைவு என்று மகிழ்ந்துபோவது தவறான கணக்கு. பல ஆண்டுகளாகக் கட்டணமே ஏறாத சங்கத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. 2021 ஜூன் 24 அன்று புளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்க வேண்டியது தெரிந்தும் வேலையும் பணமும் தள்ளிக்கொண்டே போன கட்டடம் அது. அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் மூன்று மாடி, அதற்கு மேற்பட்ட காண்டோக்களுக்குக் கட்டமைப்புச் சோதனையும் ரிசர்வ் ஸ்டடியும் கட்டாயமாயின. பழைய கட்டடங்களில் கட்டணம் எகிறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, கடந்த ஓராண்டின் போர்டு கூட்டக் குறிப்புகள். பட்ஜெட்டில் தெரியாதது இதில் தெரியும்: வடிகால் தகராறு, பில்டர் மேல் வழக்கு, சங்கத்தின் அன்றாட வேலையைப் பார்க்கும் மேலாண்மை நிறுவனத்தை மாற்றும் யோசனை. வழக்கு நடக்கும் காண்டோவுக்குச் சில வங்கிகள் கடனே தராது.

மூன்றாவது, அந்த வீட்டின் மேல் நிலுவையில் உள்ள விதிமீறல். விற்பவர் அனுமதி வாங்காமல் போட்ட ஷெட், க்ளோசிங் (வீடு கைமாறும் கடைசிக் கையெழுத்து) முடிந்ததும் உங்கள் தலைவலி. சர்ட்டிஃபிகேட்டில் அது குறிப்பிடப்பட்டிருந்தால் விற்பவரையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

புதிய கம்யூனிட்டியா? பில்டர் கையில் போர்டு இருக்கும் வரை கட்டணம் செயற்கையாகக் குறைவாக இருக்கும், வீடு விற்க வேண்டுமே! குடியிருப்பவர்கள் கைக்குப் போர்டு மாறிய முதல் இரண்டு பட்ஜெட்டில் உண்மை விலை தெரியும்.

பதில்:

எல்லோரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். விசாவில் இருப்பவர் முதலில் திறக்க வேண்டிய பக்கம், வாடகை விதி.

வேலை போனால் இந்த நாட்டில் இருக்க 60 நாள் வரைதான் அவகாசம். ஊருக்குத் திரும்பவோ வேறு மாநிலத்துக்குப் போகவோ நேர்ந்தால், சந்தை மந்தமாக இருக்கும்போது விற்காமல் வாடகைக்கு விடுவதுதான் வழி. பல டெக்ளரேஷன்களில் வாங்கி 12 மாதம் அல்லது 24 மாதம் வரை வாடகைக்கு விடக்கூடாது என்று இருக்கும். வேறு சிலவற்றில் மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு என்று உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியல். கலிபோர்னியாவில் இந்த வரம்பை 25 சதவீதத்துக்குக் கீழே வைக்க முடியாது. எல்லா மாநிலத்திலும் அப்படிப் பாதுகாப்பு இல்லை.

எனவே மேலாண்மை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி: வாடகை வரம்பு உண்டா, இப்போது எத்தனை வீடுகள் வாடகையில் உள்ளன, கஷ்டகால விதிவிலக்கு உண்டா. தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வேண்டும். திருப்தியான பதில் வராவிட்டால், மற்றதெல்லாம் பொருந்தினாலும் அந்த வீட்டை விடுவதே என் யோசனை.

கேட்டவர்:

டவுன்ஹவுஸுக்கு எச்ஓஏ-வே காப்பீடு எடுக்கிறது என்கிறார்கள். நாங்கள் தனியாக எடுக்க வேண்டுமா?

பதில்:

வேண்டும். சங்கத்தின் மாஸ்டர் பாலிசி எந்த இடத்தோடு நிற்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் பாலிசி மாறும். வெளிச்சுவரும் கூரையும் மட்டும் அவர்களுடையது என்றால், உள்ளே இருப்பதற்கு எச்ஓ-6 வகை. கூரையே உங்களுடையது என்றால் தனி வீட்டுக்கான எச்ஓ-3. பெயர் டவுன்ஹவுஸ் என்பதால் எதையும் ஊகிக்காதீர்கள்; இரண்டு விதமும் உண்டு.

டெக்சாஸில் ஆலங்கட்டி மழை முக்கியம். மாஸ்டர் பாலிசியில் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் (காப்பீட்டுப் பணம் வரும் முன் சங்கமே ஏற்கும் தொகை) பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 1 கோடி டாலர் மதிப்புள்ள கட்டடங்களுக்கு 2 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். 40 வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 5,000. இப்படிச் சங்கம் உங்களிடம் வசூலிக்கும் பங்கை ஈடுகட்டத்தான் உங்கள் பாலிசியில் லாஸ் அசெஸ்மென்ட் என்ற பிரிவு. பல பாலிசிகளில் அது வெறும் 1,000 டாலராகவே கிடக்கும். உயர்த்த ஆகும் பிரீமியம் அதிகமில்லை. ஆனால் மாஸ்டர் டிடக்டிபிளின் பங்குக்கும் அது பொருந்துமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள், அங்கே தனி வரம்பு வைப்பார்கள்.

பதில்:

இப்போது கோலம், தோட்டம்.

டெக்சாஸ் சட்டப்படி, மத நம்பிக்கையால் உங்கள் சொந்த இடத்தில் வைக்கும் பொருளை எச்ஓஏ தடுக்க முடியாது. பாதுகாப்புக்கு ஆபத்து, எல்லைக்கோட்டு மீறல் போன்ற விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நிலைப்படித் தோரணம், வாசல் பிள்ளையார் எல்லாம் இதில் வரும். பொது இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. டவுன்ஹவுஸில் வாசற்படிக்கு அடுத்த நடைபாதையே பொது இடமாக இருக்கலாம், சர்வே வரைபடத்தைப் பாருங்கள். அரிசிமாவிலும் சாக்பீஸிலும் போடும் கோலம் மழையில் போய்விடும், பொதுவாக யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெயின்ட் கோலம் வேறு. அது கான்கிரீட்டின் தோற்றத்தை மாற்றுவது, விண்ணப்பம் போட வேண்டும்.

தீபாவளி விளக்குகளுக்கு ஒரு சிக்கல். பண்டிகை விளக்கு விதிகளை தாங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். தீபாவளி அக்டோபரிலேயே வரக்கூடும். கோடைக் காலக் கூட்டத்திலேயே தேதியைச் சொல்லி விதியில் சேர்க்கக் கேளுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் சுலபம். பட்டாசு எச்ஓஏ விவகாரம் இல்லை, நகரச் சட்டம். அபராதம் அங்கிருந்து வரும்.

தோட்டத்தில் செடி பிரச்சினை ஆவதில்லை, பந்தல்தான் ஆகும். பாகலும் புடலும் ஏறும் பந்தல் 6 அடி வேலிக்கு மேலே தலைகாட்டினால் அது கட்டுமானம். வேலிக்குக் கீழேயே நிறுத்துங்கள். உரக்குழி, மழைநீர்ப் பீப்பாய் இரண்டையும் டெக்சாஸில் முற்றாகத் தடைசெய்ய முடியாது. எங்கே, எப்படி என்று மட்டும் கட்டுப்படுத்தலாம். துணிக்கொடிக்கு கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாதுகாப்பு இல்லாத இடங்களில் மடிக்கிற ஸ்டாண்டு போதும். டிஷ் ஆன்டெனா ஒரு மீட்டர் விட்டத்துக்குள், உங்கள் தனி உபயோக இடத்தில் என்றால், 1996 முதல் மத்திய விதியே உங்கள் பக்கம்.

பதில்:

வேலி, பேஷியோ கூரை, வெளி பெயின்ட், சோலார் எதுவானாலும் வேலை தொடங்கும் முன் கட்டட ஒப்புதல் குழுவுக்கு விண்ணப்பம். சர்வே வரைபடத்தின் நகலில் இடத்தைக் குறித்து, உயரம், பொருள், நிறத்தின் எண், கான்ட்ராக்டரின் மதிப்பீடு நான்கையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். 30 முதல் 45 நாள் வரை எடுப்பார்கள். நிராகரிப்பு பெரும்பாலும் வேலைக்கு அல்ல, விடுபட்ட தாளுக்கு. 'பழுப்பு நிறம்' என்று எழுதினால் திரும்பி வரும். அவர்கள் ஒப்புதல் நகரப் பெர்மிட் ஆகாது. பெர்மிட் வந்ததால் அவர்கள் ஒப்புதல் வந்ததாகவும் ஆகாது. கான்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பது இரண்டும் கையில் வந்த பிறகு.

கேட்டவர்:

மீறி ஏதாவது நோட்டீஸ் வந்தால்?

பதில்:

பதறவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். டெக்சாஸில் அபராதத்துக்கு முன் எழுத்து மூலமான நோட்டீஸ், சரிசெய்ய நியாயமான அவகாசம், 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. அதே மீறல் 6 மாதத்துக்குள் திரும்ப நடந்தால் சரிசெய்யும் அவகாசம் கிடையாது. எந்த விதி என்று எண்ணைக் கேளுங்கள், சரிசெய்ததும் தேதியோடு படம் எடுத்து அனுப்புங்கள், கோப்பை மூடியதாகப் பதில் வாங்குங்கள். கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள், பிறகு விற்கும்போது அது சர்ட்டிஃபிகேட்டில் தலைதூக்கும்.

கோபத்தில் மாதக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். அபராதத் தகராறு வேறு, கட்டணக் கடமை வேறு. டெக்சாஸில் வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது; கட்டணப் பாக்கிக்குப் போக முடியும். தவறிவிட்டால் தவணைத் திட்டம் கேளுங்கள், 14 மனைக்கு மேற்பட்ட சங்கங்களில் அது சட்டப்படி உண்டு.

பதில்:

எச்ஓஏ இல்லாத வீடு சுதந்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுதந்திரம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். ஓடாத கார் மாதக்கணக்கில் புல்லில் நின்றால் நகராட்சியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் (விதி அமலாக்கப் பிரிவு)தான் கதி, அது மெதுவாக நகரும். கூரையும் வேலியும் முழுக்க உங்கள் செலவு. வீட்டு வேலை கைவரும், வார இறுதி இருக்கிறது என்றால் அந்தப் பழைய வீடே எனக்குப் பிடித்த தேர்வு. இரண்டும் இல்லையென்றால், ரிசர்வ் நன்றாக இருக்கும் டவுன்ஹவுஸ் மோசமில்லை.

எச்ஓஏ உள்ள எதை வாங்கினாலும், க்ளோசிங் முடிந்த வாரமே மேலாண்மை நிறுவனத்தின் போர்ட்டலில் கணக்கு திறந்து, மின்னஞ்சல் முகவரியைப் பதிந்து, ஆட்டோபே போடுங்கள். நிறுவனம் மாறினால் பழைய ஆட்டோபே புதிய கணக்குக்குத் தானாகப் போகாது. அந்தக் கடிதம் வந்ததும் மறுபடி அமையுங்கள். இரண்டு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் புல்வெட்டுக்கு ஆள் வைத்து, தபாலைப் பார்க்க நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நோட்டீஸ் வரும் சர்டிஃபைடு தபால் (பதிவுத் தபால் போன்றது) யாரும் வாங்காமல் திரும்பினாலும் நோட்டீஸின் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.