பூந்தொட்டி மண்ணில் இருந்தது மண்புழுவா, பாம்புக் குட்டியா?

கேள்வி:
செடியை மாற்றி நடுவதற்காகத் தொட்டியைக் கவிழ்த்தபோது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத, கரும்பழுப்பு நிறத்தில் பளபளக்கும் ஒன்று வேர்களுக்கிடையிலிருந்து வெளியே வந்தது. மண்புழு என்றே நினைத்தேன். ஆனால் அது நீண்டு சுருங்காமல், வேகமாக நெளிந்து மீண்டும் மண்ணுக்குள் புகப் பார்த்தது. தலை எது, வால் எது என்றும் தெரியவில்லை. நச்சுப் பாம்பின் குட்டியாக இருந்தால் தாயும் அருகில் இருக்குமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். இப்போதைக்கு வாளியில் மூடி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் புழுப்பாம்பாகத்தான் இருக்க வேண்டும். அது குட்டியன்று, முழு வளர்ச்சி பெற்ற பிறகும் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. நீளமே இருக்கும். கையால் தொடாமல், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மண்புழுவின் உடலில் வளையங்கள் தெரியும். இதன் உடலிலோ தலை முதல் வால் வரை ஒரே அளவான, வழவழப்பான செதில்கள் அடுக்கியிருக்கும். கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். வால் நுனியில் சிறு முள் இருக்கும். அந்த முள்ளை அது மண்ணில் ஊன்றி முன்னேறப் பயன்படுத்துகிறதே தவிர, அதில் நஞ்சு ஏதுமில்லை. உடலில் பட்டைகளோ புள்ளிகளோ இருந்தால் மட்டும் அது வேறு பாம்பு என்று கொண்டு விலகியிருங்கள்.

மறுமொழி 2:
தாயைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு சுவையான பதில் உண்டு. இந்த இனத்தில் இதுவரை ஆண் பாம்பு கண்டறியப்படவே இல்லை. எல்லாம் பெண்களே, இணை சேராமலே முட்டையிடுபவை. ஆகவே ஒரு தொட்டியின் மண்ணோடு ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலும் புதிய நாட்டில் ஒரு வம்சம் தொடங்கிவிடும். ஆசியாவைச் சேர்ந்த இது செடி வணிகத்தின் வழியே அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியது இப்படித்தான். நிலத்தில் வாழும் பாம்புகளிலேயே இவ்வளவு பரந்து வாழும் இனம் வேறில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கண்ணாடியில் பார்த்தேன், செதில்களும் இரு புள்ளிகளும் தெரிந்தன, பிளவுபட்ட நாக்கும் ஒரு நொடி வெளியே வந்து மறைந்தது. ஆனால் இது காதுக்குள் புகுந்துவிடும் என்கிறார்களே? செடியின் வேரைக் கடிக்குமா?

மறுமொழி 1:
அது எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்பது. வேரை அது தொடாது. காதைத் தேடி வரும் என்பது வீண் அச்சம். ஈர மண்ணையும் இருட்டையும்தான் அது நாடும். மூக்கு நுனிக்கு அடியில் இருக்கும் அதன் வாய் மிகச் சிறியது என்பதால் மனிதரைக் கடிக்கவும் இயலாது. வெறும் வாளியில் நெடுநேரம் வைத்தால் உலர்ந்து இறந்துவிடும் என்பதால், இன்றே நிழலான, ஈரப்பதமுள்ள மண்ணில் விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
அந்தத் தொட்டியை வெளியூருக்கு யாருக்கேனும் கொடுப்பதாக இருந்தால், முதலில் மண்ணை உதிர்த்துப் பார்த்துவிடுங்கள்.