அடப்டரை நம்பின கதை: வெளிநாட்டு அம்ப் வச்சிருக்கிறவங்க உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லடி

டொரொண்டோவில இருக்கிற மாமா கப்பலில போட்ட பெட்டிக்குள்ள சொக்லட், சவுக்காரம், பழைய ஜீன்ஸ், இதுகளுக்கு நடுவில ஒரு வால்வ் கிட்டார் அம்ப், சத்தத்தைப் பெருக்கப் பழைய ரேடியோ மாதிரி எரியிற கண்ணாடிக் குழாய் வச்சது. 22 வாட். கம்பளியால சுத்தி வந்ததால ஒரு கீறல் இல்ல. பின்பக்கத்தில 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் எண்டு பெரிசா அடிச்சிருந்தது. நான் அதை வாசிக்காமச் செய்தன் எண்டில்ல. வாசிச்சிட்டுத்தான் செய்தன், அதுதான் இன்னும் உறுத்துது.

பிளக் தட்டைப் பின். எங்கட சுவருக்குப் பொருந்தாது. டவுணில ஒரு அடப்டர் வாங்கினன். அது வோல்ட்டேஜையும் குறைச்சுத் தரும் எண்டு நானே முடிவு கட்டிற்றன். அது மாத்திறது பின்னிட வடிவத்தை மட்டும். சுவரில வாற 230 அப்பிடியே உள்ள போகும்.

சுவிட்சைப் போட்டன். வால்வுகள் வெள்ளையாப் பளிச்செண்டு எரிஞ்சது. வால்வ் எண்டா இப்பிடித்தானாக்கும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்க, டப். பியூஸ் போயிற்று.

அதோட விட்டிருந்தா அம்ப் அநேகமாத் தப்பியிருக்கும். ஆனா அண்டைக்கு இரவு கோயிலில நத்தார் நிகழ்ச்சிக்கு ஒத்திகை. வீட்டில வேற பியூஸ் இல்ல. சிகரட் பெட்டியில இருந்த வெள்ளித்தாளை எடுத்துப் பியூஸைச் சுத்திப் போட்டன். அரை நிமிஷம் இருக்கும், வார்னிஷ் கருகிற மணம். மறுகா புகை. அம்மா குசினிக்குள்ள இருந்து "என்னடா அடிப்பிடிக்குது?" எண்டு கேட்டா.

காத்தான்குடியில மோட்டர் சுத்துற ஒரு காக்காட்டக் கொண்டு போனன். மூடியைக் கழட்டினவர் என்ட கையைத் தட்டி விட்டிற்று, முதல்ல பெரிய கப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் பண்ணினார். பிளக்கைக் கழட்டி வச்சாலும் அதுகளுக்குள்ள ஆளைத் தூக்கி எறியிற கரண்ட் நிக்குமாம். மறுகாதான் விளங்கப்படுத்தினார். ட்ரான்ஸ்போமரில 120க்குச் சுத்தின கம்பியில 230 விழுந்தா இரும்புக் கோர் தாங்கிற அளவைத் தாண்டிரும், கரண்ட் கண்டபடி ஏறும். வால்வுக்குள்ள 6.3 வோல்ட்டில எரிய வேண்டிய ஹீட்டர்க் கம்பிக்கு 12 அளவில போயிருக்கும், அந்த வெள்ளை வெளிச்சம் அதுதான். "பியூஸ் உங்களுக்காக மௌத்தாப் போச்சு மனே, நீங்க அதைத் தோண்டி எடுத்து வேலைக்கு விட்டிருக்கீங்க" எண்டார்.

ட்ரான்ஸ்போமரை 230க்கே புதுசாச் சுத்தித் தந்தார். ரெண்டு கப்பாசிட்டரும் மாத்தினது. பியூஸும் பழைய அளவில பாதிதான் போடோணும் எண்டார், 230இல இழுக்கிற கரண்ட் பாதிதானே. அதை நான் யோசிக்கவே இல்ல.

அக்கரைப்பற்று

தம்பி, என்ட கதையில புகை இல்ல, செலவு மட்டும். ஜப்பானில இருந்து வந்த பழைய சாமான் விக்கிற கடையில எடுத்த அம்ப், 100 வோல்ட். உங்கட மாதிரித்தான் 20 வாட் வால்வ் அம்ப் எண்டதால 100 வாட் ஸ்டெப் டவுன் (வோல்ட்டேஜைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர்) காணும் எண்டு வாங்கினன். அந்த 20 வாட், ஸ்பீக்கருக்குப் போறது. சுவரில இருந்து அது இழுக்கிறது 100க்கும் மேல. ரெண்டு பாட்டுக்குள்ள ஸ்டெப் டவுன் தொட ஏலாத சூடு. அதோட அது தாறது 110, என்ட அம்ப் கேக்கிறது 100. இப்ப 300 வாட்டில, சரியா 100 தாறது வச்சிருக்கன். ஜப்பானில கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60, அதால என்ட அம்பில ரெண்டும் போட்டிருக்கு. 60 மட்டும் போட்ட சாமானுக்கு எங்கட 50ஐக் குடுத்தா ட்ரான்ஸ்போமர் கூடச் சூடாகும், அதையும் பாருங்க.

ஸ்டெப் டவுனைக் கிட்டாருக்குக் கிட்ட வைக்காதீங்க. கிட்டாரில கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் அதிட இரைச்சலையும் எடுக்கும். கல்லடிப் பாலத்துக்குக் கீழ மீன் பாடுதாம், என்ட கதிரைக்குக் கீழ ட்ரான்ஸ்போமர் பாடிச்சு.

களுவாஞ்சிக்குடி

கீபோர்டுக்கும் இதே கரைச்சலா அண்ணன்? சித்தி லண்டனில இருந்து கொண்டு வாறா.

கல்லடி

லண்டனிலயும் 230தான், பிளக்கும் எங்கட சதுரப் பின்தான், பயமில்ல. எதுக்கும் கீபோர்டோட வாற பவர் அடப்டர்ப் பெட்டியில (நான் வாங்கின பின் மாத்திற அடப்டர் இல்ல) 100–240 எண்டு இருக்கா பாருங்க. இருந்தா எந்த நாட்டிலயும் ஓடும்.

காரைதீவு

ஒருத்தரும் எர்த் பற்றிக் கதைக்கல்ல. என்ட ஸ்டெப் டவுனில வெளிய வாற சொக்கட் ரெண்டு ஓட்டைதான். அம்பிட மூண்டாவது பின் கொழுவ இடமில்ல எண்டு அதை வெட்டி எறிஞ்சிட்டன். கல்யாண வீட்டு மேடையில கம்பியில கை, மைக்கில உதடு. சுள்ளெண்டு அடிச்ச அடியில பாட்டு மறந்து போச்சு. சனம் அதை ஸ்டைல் எண்டு கை தட்டினது வேற கதை. மலிஞ்ச ஸ்டெப் டவுன் கனக்க ஒரே கம்பிச் சுத்தில வாறது, சுவர்க் கரண்டையும் அம்பையும் அது பிரிக்காது. மூண்டு ஓட்டை இருக்கிறதை, எர்த் உள்ள வரைக்கும் போகுதா எண்டு மீட்டரால பார்த்து வாங்குங்க.

கல்லடி

நான் வெட்டல்ல, ஆனா வெட்ட யோசிச்சனான். நன்றி அண்ணன்.

நேத்து மாமா எடுத்தவர், அடுத்த பெட்டியில என்ன போட எண்டு. சவுக்காரம் போடுங்க எண்டன்.