ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வை நடுவில் நிறுத்தலாமா? நிறுத்தினால் எப்படி?

எழுவான்கரை (மட்டக்களப்பு):
என் ஆய்வு எங்கள் வாவி இறாலைப் பற்றியது. கட்டுரைகளைத் தேடி, வாசித்து, குறிப்பெடுத்து அட்டவணையில் சேர்க்கும் ஏஐ கருவி ஒன்றிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால், அது நம்முடைய வாவியை விட்டுவிட்டு வேறு நாட்டுக் கடனீரேரிகளை மேய்ந்துகொண்டிருக்கிறது. நிறுத்துவதற்குத் திரையில் ஒரு பொத்தானும் இல்லை. ஜன்னலை மூடினேன், பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது, காசும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் லெப்டொப்பின் பவர் பொத்தானை அமத்திப் பிடித்து அணைத்தேன். அட்டவணைக் கோப்பு பாதி எழுதிய நிலையில் உடைந்துவிட்டது, இப்போது திறக்கவே மறுக்கிறது. ஒரு இரவு வேலை முழுக்கப் போய்விட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். இப்படிப்பட்ட எந்தக் கருவியிலும் நிறுத்தும் பொத்தான் பாவிப்பவர் கையில் இருக்க வேண்டும். அதை அமத்தினால் அதுவரை செய்த வேலை கெடக் கூடாது.

சம்மாந்துறை_மின்:
தங்கச்சி, முதல் பாதியோடு முழுக்க ஒத்துப்போகிறேன், இரண்டாவதோடு இல்லை. நான் நெல் ஆலைகளுக்கு வயரிங் செய்பவன். நில் என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். "கொஞ்சம் பொறுங்கள், சேமித்துவிட்டு நிற்கிறேன்" என்று சொல்லும் இயந்திரத்தை நான் நம்ப மாட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவரின் கை போய்விடும்.

எழுவான்கரை:
நானா, கை போகும் இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் பின்னேரம் ஆலையை மூடும்போது சிவப்புப் பொத்தானையா அமத்துவீர்கள்? நெல் விழுவதை முதலில் அடைத்து, உள்ளே கிடப்பது ஓடி முடிந்த பிறகுதானே மோட்டரை நிறுத்துவீர்கள்? நெல்லோடு நிறுத்தினால் அடுத்த நாள் காலையில் இறுகிப்போய்க் கிடக்கும்.

கல்லடி_நிரல்:
நானாவின் துறையிலேயே இதற்கு விதி இருக்கிறது. இயந்திர மின்பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 என்ற சர்வதேசத் தரத்தில் நிறுத்தம் மூன்று வகை: 0 என்றால் உடனே மின்சாரத்தை வெட்டுவது, 1 என்றால் ஒழுங்காக நிறுத்திய பிறகு வெட்டுவது, 2 என்றால் நிறுத்தினாலும் மின்சாரத்தை விட்டுவைப்பது. அவசர நிறுத்தத்துக்கே 0, 1 இரண்டும் செல்லும்.

கணினியிலும் அப்படித்தான். லினக்ஸில் சிக்டெர்ம் என்ற சைகை "முடித்துக்கொள்" என்று கேட்கும். நிரல் அதைப் பிடித்து, கையில் உள்ளதைச் சேமிக்கலாம். "சிக்கில்" என்ற மற்றச் சைகை வந்தால் நிரலால் அதைப் பிடிக்கவே முடியாது, அந்த இடத்திலேயே சாவுதான். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டொக்கரில் நிறுத்தச் சொன்னால் முதலாவதை அனுப்பி, வழக்கமாக 10 வினாடி பார்த்து, அப்புறம் இரண்டாவதை அனுப்பும். அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றை மேய்க்கும் குபெர்நெட்டிஸ் வழக்கமாக 30 வினாடி கொடுக்கும். தங்கச்சி கேட்கும் பொத்தானும் இப்படி இரண்டு படியாக இருக்கட்டும்: அமத்தியதும் புதிய தேடல் ஒன்றும் தொடங்கக் கூடாது, கையிலுள்ள கட்டுரையை முடிக்கட்டும், சொன்ன நேரத்துக்குள் முடியாவிட்டால் வெட்டிவிட வேண்டும். இந்த நேரக் கெடு இல்லாவிட்டால் நானா பயப்படுவதுதான் நடக்கும்.

சம்மாந்துறை_மின்:
கெடு இருந்தால் சரி. ஆனால் கரண்ட் போனால்? மழைக்காலத்தில் இங்கே அது உங்களிடம் கேட்டுவிட்டா போகிறது?

கல்லடி_நிரல்:
நல்ல கேள்வி நானா. ஒவ்வொரு கட்டுரையையும் தனித் தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, வட்டில் பதிந்ததை உறுதி செய்து, கடைசியில்தான் உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். அப்போது கரண்ட் போனாலும் இழப்பது நடுவில் இருந்த ஒரு கட்டுரை மட்டும்.

சேமிப்பால் சரிசெய்ய முடியாத இடமும் ஒன்று உண்டு. மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டுவோம் அல்லவா? தண்ணீர் கடலுக்குப் பாயத் தொடங்கிவிட்டால் "நிறுத்து" என்று சொல்லி என்ன பயன்? கருவி யாருக்காவது மின்னஞ்சல் அனுப்புவதும், காசு கட்டுவதும், கோப்பை அழிப்பதும் அந்த ரகம். அங்கே நிறுத்தும் பொத்தான் உதவாது, செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

படுவான்கரை:
எல்லோரும் கோப்பைக் காப்பாற்றுவது பற்றியே பேசுகிறீர்கள். நான் புள்ளிவிபரவியல் படிப்பிப்பவன், எனக்கு ஆய்வைப் பற்றித்தான் கவலை. பொத்தான் சுலபமானால், தனக்குப் பிடித்த விடை வந்ததும் மாணவர் நிறுத்திவிடுவார். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழைக்கு 5% என்று எல்லை வைத்துக்கொண்டு, தரவு சேரச் சேர 5 தடவை சோதித்து, ஒரு தடவை சோதனை தேறியதும் நிறுத்தினால், அந்தப் பிழை நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14% ஆகிவிடும். அதனால் தொடங்கியது முடியட்டும், அல்லது முழுதாக அழியட்டும்.

எழுவான்கரை:
சேர், நான் நிறுத்தியது விடை பிடித்ததால் இல்லையே. அது வழி தவறிப் போனது, என் காசு போனது. "முழுதாக அழியட்டும்" என்றால் வசதி உள்ளவர்தான் திரும்பவும் தொடங்க முடியும். எங்களைப் போல உதவிப்பணத்தில் படிக்கிறவர்கள், பிழையாக ஓடுவது தெரிந்தும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? நிறுத்திய நேரம், காரணம், எத்தனையில் எத்தனை வாசித்தது என்பதெல்லாம் அட்டவணையின் தலையிலேயே எழுதப்படட்டும். வாசிக்கும் வரிசையையும் முதலிலேயே குலுக்கிவிட்டால், பாதியில் நின்றாலும் கிடைத்தது ஒரு எழுமாற்று மாதிரிதானே?

படுவான்கரை:
குலுக்கினால் மாதிரிதான், விடையைப் பார்த்து நிறுத்தாதவரைக்கும். அதற்கு நீங்கள் எழுதும் காரணம் மட்டும்தான் சாட்சி. சாட்சியும் நீங்களே, நிறுத்தியவரும் நீங்களே. ஓடும்போது எண்ணிக்கையையும் தலைப்புகளையும் மட்டும் காட்டி, முடிவுகளை மறைத்து வைத்தால் நான் கொஞ்சம் இறங்கி வருவேன்.

கல்லடி_நிரல்:
அது செய்யக்கூடிய வேலைதான் சேர். வழி தவறியதைக் கண்டுபிடிக்கத் தலைப்புகளே போதும்.

எழுவான்கரை:
சரி, என் தம்பி ஒரு சின்ன நிரல் எழுதித் தருவதாகச் சொல்கிறான். இன்று இரவு 20 கட்டுரையோடு ஓட்டி, வேண்டுமென்றே இரண்டு தடவை நடுவில் நிறுத்துகிறேன். முடிவுகளை மறைத்துத்தான். நாளைக்கு இங்கே போடுகிறேன்.

படுவான்கரை:
போடுங்கள், பார்க்கிறேன். நிறுத்திய ஆய்வின் அட்டவணையை ஆய்வேட்டில் சேர்க்கலாம் என்று மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.