‘கிசுகிசுத்தாள்’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

நண்பர்களே, ஒரே ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகத் தவிக்கிறேன்.

சிறுகதை ஒன்று எழுதுகிறேன். நள்ளிரவு, ஆஸ்பத்திரி வார்டு. அப்பா கண் மூடிக் கிடக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழித்துவிடாதபடி அம்மா குனிந்து, அப்பாவின் காதருகே, “மாடு கன்று போட்டுவிட்டது, கிடாரிதான்” என்கிறாள்.

‘கிசுகிசுத்தாள்’ என்று எழுதியிருந்தேன். படித்த தங்கை சிரித்துவிட்டாள். பத்திரிகைகள் சினிமா வம்புக்கு அந்தப் பெயரை வைத்து வைத்து, சொல்லே வம்பாகிவிட்டது. ‘குசுகுசுத்தாள்’ என்றால் ஏதோ சதி நடக்கிறது. ‘முணுமுணுத்தாள்’ என்றால் மனக்குறை. மூன்றும் ஓசையிலிருந்து பிறந்த இரட்டைக்கிளவிகள். ஒன்றில்கூட வாஞ்சை இல்லை. ‘காதோடு காதாக’ என்றால் ரகசியம். இது ரகசியமா, கன்றுக்குட்டிதானே!

‘இன்சொல்’ என்று ஒருவர் சொன்னார். திருக்குறளின் ‘இனியவை கூறல்’ அதிகாரம் பேசுவது சொல்லின் இனிமையை. குரலின் அளவை அல்ல. உரத்த குரலிலும் இன்சொல் சொல்லலாம்.

‘சன்னமான குரலில் சொன்னாள்’ என்பதுதான் சற்று நெருங்கி வருகிறது. ஆனால் அம்மாவே நோயாளி போலத் தோன்றுகிறது.

தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? வட்டார வழக்கானாலும் சரி. ஊர்ப் பெயரோடு, வீட்டில் புழங்கும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். அகராதியைப் பார்க்கச் சொல்லாதீர்கள், பார்த்தாயிற்று.