பம்பு ‘ஹெட்’: ‘நீர்த்தலை’ சரிவருமா?

> பம்புசெட் கையேட்டில் வரும் ‘ஹெட்’டுக்கு ‘நீர்த்தலை’ என்று போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா. போடலாம்தான், ஆனால் மன்னார்குடிப் பக்கம் அதைப் படிக்கிறவர் தலைமடை என்றுதான் எடுத்துக்கொள்வார். எங்களுக்குத் தலை என்றால் தண்ணீர் புறப்படுகிற இடம். குடகில் தலைக்காவிரி, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் வாய்க்கால் தலைப்பு, அதையொட்டிய வயல் தலைமடை, கடைசியில் காத்துக்கிடக்கும் எங்கள் வயல் கடைமடை. பம்பின் ஹெட் இடமே இல்லை, அது பம்பு தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்.

இந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எதற்கெல்லாமோ வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையைத் தேடிப் போகவில்லை. ஆணிக்குக் கொண்டை, அம்புக்கு முனை, வண்டி விளக்குக்கு முகப்பு, மாட்டைக் கணக்கெடுத்தால் உருப்படி. காசைச் சுண்டும்போது பூவா தலையா என்கிறோம், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். ஹெட் கான்ஸ்டபிள் காகிதத்தில் தலைமைக் காவலர், தெருவில் அந்த ஹெட்டே ஏட்டாகி, கூடவே ஓர் ஐயாவும் ஒட்டிக்கொண்டு ஏட்டய்யா!

சரி, பம்புக்கு வருவோம். மோட்டார் கடையில் விவசாயி கேட்பது “எத்தனை அடி தூக்கும்?” என்றுதான். சொல் அங்கேயே இருக்கிறது. ‘தூக்குயரம்’ என்று வைத்தால் தூக்குமேடை நினைவுக்கு வரும், அதனால் ‘ஏற்றுயரம்’ என்கிறேன். ஏற்றம் இறைத்த ஊர்களில் விளக்கம் தேவைப்படாது. வெறும் ‘ஏற்றம்’ போதாது, அது அந்தப் பழைய கருவியின் பெயராகவே நின்றுவிடும்.

ஹெட்டுக்கு ‘அழுத்தம்’ என்றே போடலாமே என்று எழுதிய அம்மாவுக்கு: 20 மீட்டர் ஏற்றும் பம்பு தண்ணீரை மட்டுமல்ல, அதைவிட இலேசான டீசலையும் கிட்டத்தட்ட 20 மீட்டர்தான் ஏற்றும், மாறுவது அழுத்தம். அதனால்தான் பம்பின் தகட்டில் ஹெட்டை மீட்டரில் பொறிக்கிறார்கள்.

> சமதரையில் 1000 அடி குழாயில் தள்ளினாலும் ஹெட் செலவாகிறதே, அங்கே எதை எந்த உயரத்துக்கு ஏற்றுகிறோம்?

நியாயமான கேள்வி ஐயா, நானும் இதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். குழாயில் உரசிப் போவதையும் ‘இத்தனை மீட்டர் ஏற்றியதற்குச் சமம்’ என்று உயரமாக மாற்றித்தானே கூட்டுகிறோம்? அது உராய்வு இழப்பு, எல்லாம் சேர்ந்தது மொத்த ஏற்றுயரம். இன்னும் பிரிக்க வேண்டுமென்றால் மோட்டாருக்குக் கீழே இழுப்புயரம், மேலே தள்ளுயரம். ‘மோட்டார் இழுக்கலை’ என்றுதானே ஊரே சொல்கிறது.

இழுப்புயரத்தைக் கையேட்டில் தனியாக விளக்கியே ஆகவேண்டும். தரைமேல் இருக்கும் மோட்டார் தானாகத் தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. அதன் உச்சம் கணக்கில் சுமார் 34 அடி, நடைமுறையில் 25 அடி வந்தாலே பெரிது. கோடையில் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க்கிணற்றில் நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால், 5 எச்.பி.யை எடுத்துவிட்டு 10 எச்.பி. மாட்டினாலும் இழுக்காது, பள்ளம் வெட்டி மோட்டாரையே இறக்க வேண்டியதுதான். குறுவை நாற்றைக் காப்பாற்றக் கடன் வாங்கிப் பெரிய மோட்டார் மாட்டி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, மீட்டருக்குப் பக்கத்தில் அடியையும் போடுங்கள். மேட்டூர் நிரம்பியதைக்கூட நாங்கள் 120 அடி என்றுதான் சொல்கிறோம்.