பெட்ரோல் லிட்டரில், மைலேஜ் காலனில்: பிரிட்டனில் இந்தக் கலப்படம் தேவையா?

ஈலிங்காரன்:
கார் பார்க்கப் போனேன். விற்பவர் "காலனுக்கு 45 மைல்" என்றார். பம்ப்பில் லிட்டர் மட்டும்தான். 50 லிட்டர் டாங்க் எத்தனை மைல் ஓடும்? பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். 45ஐ 4.546ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 495. இது அமெரிக்க காலன் இல்லை, அது 3.785 லிட்டர்தான். பேசாமல் முழுக்க மெட்ரிக்குக்கு மாறினால் என்ன?

பைன்ட்பிரியன்:
வண்டியில் ஏறும்போது யார் சார் வகுத்தல் போடுகிறார்கள்? மீதி எத்தனை மைல் என்று திரையே காட்டுகிறது. பப்பில் பீருக்குப் பைன்ட் (568 மில்லி), சாலையில் மைல், உடம்பு எடைக்கு ஸ்டோன் (14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ). ஊரே பழகிவிட்டது. 2001ல் சண்டர்லாந்தில் காய்கனி வியாபாரி ஸ்டீவ் தோபர்ன் வாழைப்பழத்தைப் பவுண்டு எடையில் விற்றதற்காகக் கோர்ட் ஏறினார். அந்த அடாவடி மறுபடியும் வேண்டுமா?

ஈலிங்காரன்:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். கிலோ விலையோடு பவுண்டு விலையையும் எழுதி வைக்க அப்போதும் தடையில்லை. அவர் மாட்டியது, பவுண்டு மட்டுமே காட்டும் தராசால். 2022ல் கடைகளில் எந்த அளவு வேண்டும் என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. லட்சத்துக்கு மேல் பதில்கள், கிட்டத்தட்ட 99 சதவீதம் மெட்ரிக் பக்கம்.

பைன்ட்பிரியன்:
அந்த 99ல், கிலோ பக்கத்தில் பவுண்டும் இருக்கட்டும் என்றவர்களும் அடக்கம். அதுவும் பதில் போட்டவர்கள் கணக்குதான், நாடே ஓட்டுப் போடவில்லை.

வார்டு_அக்கா:
பிறந்த குழந்தை 3.4 கிலோ என்று எழுதுவோம். பாட்டிக்குப் போன் போகும்போது அது ஏழரை பவுண்டு. அதில் கெடுதல் ஒன்றுமில்லை, சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் பெரியவர்கள் "பதினொன்றரை ஸ்டோன்" என்றால் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டேன். சில மருந்துகள் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கு. எடை மெஷினில் ஏற்றிவிடுவேன்.

குரோய்டன்_குடும்பஸ்தன்:
பாலை விட்டுவிட்டீர்களே. நாலு பைன்ட் கேன் 2.272 லிட்டர். சில கடைகளில் 2 லிட்டர் கேனும் இருக்கும், அதே கைப்பிடி, அதே பச்சை மூடி. அவசரத்தில் எடுத்தால் அரை பைன்ட் அம்போ.

பைன்ட்பிரியன்:
அலமாரிச் சீட்டில் லிட்டர் விலை போட்டிருக்குமே, தம்பி!

குரோய்டன்_குடும்பஸ்தன்:
போட்டிருக்கிறது, அண்ணா. எறும்பு படிக்கிற அளவில். அப்புறம் மோட்டார்வேயைப் பாருங்கள். வெளியேறும் வழிக்கு 300, 200, 100 யார்டு பலகை. ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒரு சின்னக் கம்பம், அதில் கிலோமீட்டர் எண். வண்டி நின்றால் அந்த எண்ணைத்தான் போனில் சொல்ல வேண்டும்.

ஈலிங்காரன்:
அயர்லாந்து 2005 ஜனவரியில் வேகப் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றியது. அவர்களால் முடிந்தது நமக்கு முடியாதா?

பைன்ட்பிரியன்:
நல்ல உதாரணம். வட அயர்லாந்தின் நியூரியிலிருந்து எல்லை தாண்டி அயர்லாந்தின் டண்டாக் போகிறவர் நடுவழியில் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுகிறார். யாரும் குழம்பி நிற்கவில்லை. டண்டாக் பப்பில் இன்றும் பைன்ட்தான்.

ஈலிங்காரன்:
பைன்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பலகையை.